‘நாங்கள்’ என்று எழுதியிருந்தாய்

திருவண்ணாமலை,
9.1.2025

மணிமொழிக்கு அத்தை எழுதுவது.

மலை தயவில் சுகமாக இருக்கிறேன். போன கடிதத்தைப் போட்டோ எடுத்துப் போனில் அனுப்பியிருந்தாய். எழுத்து கண்ணுக்கு எட்டவில்லை. லேட்டானாலும் தபாலிலேயே போடு. காது போன பிறகு எனக்குக் கடிதம்தான் பேச்சு.

மாடி ரூமில் லண்டன்கார அம்மா ஒருவர் தங்கியிருக்கிறார். வருஷா வருஷம் ஆசிரமத்துக்கு வருகிறவராம். உன் படத்தைக் காட்டி, “மருமக, நர்ஸு, லண்டன்” என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். போனில் படம் படமாகக் காட்டினார். ராஜா அரண்மனை, மணிக்கூண்டு, நடுவில் பிளந்து மேலே எழும் ஆற்றுப்பாலம். உன் மருமகள் இதையெல்லாம் பார்த்தாளா என்று கையாலேயே கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரி, ரூம், குளிர், அரிசி. வேறொன்றும் இல்லை.

என் பிள்ளை அறிவுமதி பைக்கில் போய்த் திரும்பாத பிறகு மூன்று வருஷம் என்னோடு இந்த வீட்டில் அடைந்து கிடந்தாய். பிடிவாதமாகப் பரீட்சை எழுத வைத்து உன்னை அனுப்பினேன். அங்கே போய் இன்னொரு ரூமில் அடைந்து கிடக்கவா? லீவு நாளில் வெளியே போ. பார்த்ததை எழுது. மாசி முடிய அந்த அம்மா இங்கேதான். அவரிடம் நானும் ஏதாவது சொல்ல வேண்டும்.

சந்திரம்மாள்

லண்டன்,
2.2.2025

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் திட்டியது நல்லதாகப் போயிற்று. நேற்று பிரிட்டிஷ் மியூசியம் போனேன். டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் நுழையலாம். இத்தனை நாள் மழைக்குக்கூட ஒதுங்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

எகிப்து நாட்டில் இறந்தவர்களைத் துணி சுற்றி வைத்திருக்கிறார்கள். கட்டுப் போட்ட நேர்த்தியையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் வார்டில் யாரும் இவ்வளவு சுத்தமாகக் கட்டுவதில்லை. இன்னொரு கூடத்தில் நம் நடராஜர். மேலே ஒரு பூ இல்லை. கும்பிடலாமா கூடாதா என்று தயங்கி, பிறகு பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டேன்.

வெளியே படியில் உட்கார்ந்து அழுதேன். துக்கம் என்று சொல்ல முடியாது. மனசு லேசாகிவிட்டது. போகச் சொன்னதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள். மாடிப்படி ஏறும்போது கவனம்.

மணிமொழி

லண்டன்,
20.4.2025

அன்புள்ள அத்தைக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை என்று கோபமா? வேலை ஜாஸ்தி. லீவு கிடைத்தால் ஊர் சுற்றல். அது உங்கள் உத்தரவு.

இயற்கை வரலாற்று மியூசியத்தில் கூரையிலிருந்து ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது. நம் வீட்டையும் எதிர்வீட்டையும் சேர்த்தால்கூட அதன் நீளம் வருமா தெரியாது. கிரீனிச் என்ற இடத்தில் தரையில் ஒரு கோடு. உலகத்துக் கடிகாரமெல்லாம் அதை வைத்துத்தானாம். அந்தப் பக்கம் ஒரு கால், இந்தப் பக்கம் ஒரு கால் வைத்து எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

உங்கள் லண்டன் அம்மா சொன்ன பாலம் எழுவதையும் பார்த்துவிட்டேன். காற்று முகத்தில் அறைந்தது. நாங்கள் அசையாமல் நின்றோம். பாய்மரக் கப்பல் கிட்டே வந்ததும் ரோடு அப்படியே இரண்டாகப் பிரிந்து நிமிர்ந்தது. பஸ்களெல்லாம் பொறுமையாகக் காத்திருந்தன. சுண்டல் விற்கிறவர் மட்டும்தான் குறை, மற்றபடி நம் ஊர்த் திருவிழாக் கூட்டம்தான்.

மணிமொழி

திருவண்ணாமலை,
14.5.2025

மணிமொழிக்கு,

முந்தாநாள் சித்ரா பௌர்ணமி. செங்கம் ரோட்டில் கால் வைக்க இடமில்லை. வாசலில் பானையில் மோர் வைத்து ஊற்றினேன். மலை சுற்ற வந்தவர்கள் ஜோடி ஜோடியாகப் போனார்கள். உன்னை நினைத்துக்கொண்டேன்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மாசியில் வந்த கடிதத்தில் ‘போனேன்’ என்றிருந்தாய். இப்போது கோட்டின் மேல் நின்றதும் ‘நாங்கள்’, காற்றில் நின்றதும் ‘நாங்கள்’. காது கேட்காதவளுக்குக் கண் ஜாஸ்தி.

நீ தனியாகச் சுற்றவில்லை என்பதே எனக்கு நிம்மதி. யார் என்று மட்டும் எழுது. தோழி என்றால் தோழி என்று எழுது. வேறென்றாலும் எழுது. மழுப்பாதே.

சந்திரம்மாள்

லண்டன்,
5.6.2025

அன்புள்ள அத்தைக்கு,

இதை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

அவர் பெயர் பாலாஜி. எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். அங்கே பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. திமிங்கலத்தின் கீழே நின்று போனில் ஒரு தோழியிடம் “கூட்டத்துல நின்னுக்கினு இருக்கேன்”னேன். அந்த ‘நின்னுக்கினு’ காதில் விழுந்து முன்னால் நின்றவர் சட்டென்று திரும்பி, “நீங்க திருவண்ணாமலைப் பக்கமாங்க?” என்றார். ஆரணிக்காரராம். அங்கே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் அவர் அப்பா வேடியப்பன் பட்டுச்சேலைக் கடை வைத்திருக்கிறார்.

என்னைக் கட்டிக்கொள்ள விரும்புகிறார். எனக்கும் மனசு இருக்கிறது. அறிவுமதியைப் பற்றி எல்லாம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் அம்மா, “புருஷனை முழுங்கினவ நம்ம வூட்டுக்கு வேணாம்”னு சொல்லிவிட்டாராம். இதோடு விட்டுவிடலாம் என்று பாலாஜியிடம் சொல்லிவிட்டேன்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. இன்னொருவரைக் கட்டினால் நீங்கள் எனக்கு யார்? அப்பா அம்மா இல்லாத எனக்கு ஊர் என்றால் உங்கள் வீடுதான். அதை விட்டால்தான் கிடைக்கும் என்றால் எதுவும் வேண்டாம்.

மணிமொழி

திருவண்ணாமலை,
2.7.2025

மணிமொழிக்கு,

ஆரணிக்குப் போய் வந்தேன். உன்னைக் கேட்காமல் போனதற்குக் கோபப்படாதே.

வேடியப்பன் கடை என்றதும் காட்டிவிட்டார்கள். அவர் மனைவி பச்சையம்மாளும் கடையில்தான் இருந்தார். “நான் பொண்ணோட அம்மா. திருவண்ணாமலைலேர்ந்து வரேன்”னேன். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னார்.

“எனக்குக் காது கேக்காதுங்க. வேணாம்னு சொல்றதா இருந்தா எழுதித்தான் காட்டணும்”னேன்.

அவர் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். ஒரு காகிதத்தில், ‘நீங்கள் அந்தப் பெண்ணின் மாமியார் அல்லவா?’ என்று எழுதி நீட்டினார்.

“ஆமாங்க. புள்ளையப் பறிகொடுத்தவ நான். அவ ராசி சரியில்லன்னு சொல்றதுக்கு யாருக்காச்சும் உரிமை இருந்தா அது எனக்குத்தான். நானே சொல்லலியே. எம் புள்ள போன மறுவருஷம் காது போச்சு. என்னை வேலூருக்குக் கூட்டிக்கினு அலைஞ்சா. சிலேட்டு வாங்கிக்கினு வந்து எழுதி எழுதி எங்கூடப் பேசினா. இல்லாங்காட்டி நான் ஊமையாட்டம் மூலையில உக்காந்திருப்பேன். உங்களண்ட கெஞ்ச வரலீங்க. எப்பேர்ப்பட்டவள வேணாங்கறீங்கன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

எழுந்து செருப்பு மாட்டினேன். பச்சையம்மாள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. காபி வந்தது. குடித்து முடித்தேன். பிறகு அவரே பேனாவை வாங்கி, ‘பெண் அழைப்பு எந்த வீட்டிலிருந்து?’ என்று எழுதினார்.

“செங்கம் ரோட்ல எங்க வூட்லேர்ந்துதான்”னேன்.

நான் உனக்கு யார் என்று கேட்டிருந்தாய். ஆரணியில் சொன்னதுதான். இனிமேல் அதைக் கேட்காதே.

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியாயிற்று. கூடத்தில் அறிவுமதி படம் இருக்கிறது. புதுச் சம்பந்தி வருகிற நாளில் யாருக்கும் சங்கடம் வேண்டாம் என்று உள் ரூமில் மாட்ட நினைக்கிறேன். மாப்பிள்ளையைக் கேட்டு எழுது.

சந்திரம்மாள்

லண்டன்,
24.7.2025

அன்புள்ள அம்மா,

விட்டுவிடலாம் என்று நான் சொன்னதைப் பாலாஜி ஏற்கவே இல்லை. கடிதம் வந்தபோது இருவரும் டிரஃபால்கர் சதுக்கத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். தனியாகப் பிரிக்கத் தைரியமில்லாமல் பையில் போட்டுக்கொண்டு போனேன். அங்கே நேஷனல் கேலரி என்று பெரிய ஓவியக்கூடம். ஒரு படத்துக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து பாலாஜிக்கு வாசித்துக் காட்டினேன். ‘அது எனக்குத்தான்’ என்று நீங்கள் சொன்ன இடத்தில் கடிதத்தை அவரிடம் நீட்டிவிட்டேன். மிச்சத்தை அவர் வாசித்தார். காவலுக்கு இருந்த பெண் வந்து கண்ணைத் துடைக்கக் காகிதம் கொடுத்தாள். ஓவியத்தைப் பார்த்துத்தான் அழுகிறேன் என்று நினைத்திருப்பாள். அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பாலாஜியின் அம்மா நேற்று என்னோடு போனில் பேசினார். “உங்கம்மாவுக்கு என்ன கலர் பொடவ புடிக்கும்?” என்று கேட்டார். அரக்கு என்று சொல்லியிருக்கிறேன். தை மாதம் லீவு கேட்டிருக்கிறோம்.

எனக்கு நீங்கள் செய்ததற்கெல்லாம் நன்றி என்று எழுதினால் அந்தச் சொல் போதவில்லை. நேரில் வந்து காலில் விழுகிறேன்.

அறிவுமதி படத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாலாஜி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அவர் வூட்டு வாசல்லதான பொண்ணு கேட்டு நிக்கப் போறேன். அவரையே உள்ள அனுப்பிட்டா எப்படிங்க?”

வெள்ளையடிக்க வருகிறவரிடம் சொல்லிவிடுங்கள். கூடத்தில் அந்த ஆணியைப் பிடுங்காமல் அடிக்கட்டும்.

மணிமொழி