அம்மா அறைக்குப் புது கார்ப்பெட்

பர்ன்லி
அக்டோபர் 12, சனிக்கிழமை, காலை 11.40
இதுவரை பிடுங்கிய கம்பி ஊசிகள்: 346

அன்புள்ள அம்மாவுக்கு,

டெக்லன் எழுதுவது. நான் நலம். நீயும் நலம் என்று வைத்துக்கொள்கிறேன். முதுகுவலி எப்படி என்று போன கடிதத்தில் கேட்டதற்கு நீ பதிலே போடவில்லை. உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கிற ஜெயில் அதிகாரிக்கும் வணக்கம். ஐயாவோ அம்மணியோ, பயப்பட வேண்டாம், இது முழுக்கக் கார்ப்பெட் சமாசாரம்.

மேலே எண்ணிக்கை போட்டிருக்கிறேனே, அவ்வளவும் உன் படுக்கையறைத் தரையிலிருந்து பிடுங்கியவை. கார்ப்பெட்டுக்கு அடியில் போடுகிற மெத்தையை எந்த மடையன் ஸ்டேப்ளரால் அடித்தானோ, அரையடிக்கு ஒரு ஊசி. மெத்தை மக்கிக் கறுப்புப் பொடியாகிவிட்டது, ஊசி மட்டும் நிற்கிறது. குறடால் ஒவ்வொன்றாக இழுக்கிறேன். உள்ளங்கையில் கொப்புளம். ஆனால் எனக்குக் குஷி தாங்கவில்லை, அம்மா. அந்தப் பழைய கார்ப்பெட் போய்விட்டது! வீட்டிலேயே இல்லை!

விஷயத்துக்கு வருகிறேன், எனக்குச் சுற்றி வளைக்க வராது. விடுதலையானதும் பிளாக்பூலில் உன் சிநேகிதன் கேரியின் ஃப்ளாட்டுக்குப் போகப்போவதாக எழுதியிருந்தாய். "அந்த ரூம்ல இனிமே என்னால படுக்க முடியாதுடா, கண்ணத் தொறந்தா அந்தச் சதுரந்தான் தெரியும்" என்று காரணமும் எழுதியிருந்தாய். நியாயம்தான். கட்டில் ஓரத்தில் போலீஸ்காரர்கள் கார்ப்பெட்டை அறுத்து, பலகையைத் தூக்கி, கேரி ஒளித்து வைத்த போதைப் பொட்டலங்களை எடுத்த இடம் அது. பொட்டலம் அவனுடையது, அறை உன்னுடையது, தண்டனை உனக்கு. அதைப் பற்றி இதற்குமேல் எழுதப்போவதில்லை. அறைதான் பிரச்சினை என்றால் அறையை மாற்றிவிடலாம், அவ்வளவுதான் கணக்கு. நீ எங்கே தங்கப்போகிறாய் என்கிற விலாசத்தை வருகிற வெள்ளிக்குள் ஜெயிலில் கொடுக்க வேண்டும் என்றாய். ஆகவே இந்த வாரக் கடைசிக்குள் முடித்தாக வேண்டும். ஆறு மாடிக் கட்டடத்து லிஃப்ட்டையே கழற்றி மாட்டுகிறவன் நான். ஒரு கார்ப்பெட் என்ன பெரிய கார்ப்பெட்?

ஆள் வைத்துப் போட இருநூற்றைம்பது பவுண்டு கேட்டார்கள், கூலி மட்டும். வீட்டுக்காரரிடம் கேட்டேன். "எவ்வளவு வேணா அழகு பண்ணிக்கோ தம்பி, காசு மட்டும் என்கிட்ட கேக்காத" என்றார். சரி, நானே போடுகிறேன் என்று இறங்கிவிட்டேன்.

பழையதைக் கழிப்பது பெரிய கூத்து. பட்டை பட்டையாக அறுத்து, சுருட்டி, டேப் சுற்றி வைத்தேன். என்னோடு லிஃப்ட் வேலை பார்க்கிற நதீம் அவன் அண்ணனின் வேனை எடுத்து வந்தான். நகராட்சிக் குப்பைக் கிடங்கு வாசலிலேயே காவலாளி மறித்துவிட்டார். வேனில் வந்தால் அனுமதிச் சீட்டு வேண்டுமாம், காரில் வந்தால் வேண்டாமாம். "அதே குப்பைதானேய்யா?" என்று நதீம் கேட்டான். "குப்பை அதேதான், வண்டி வேற" என்றார் அவர். திரும்பி வந்து நதீமின் குட்டிக் காரில் ஏற்றினோம். கார்ப்பெட் பின்கதவு வழியே பீரங்கி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்சீட்டில். இரண்டாம் நடையில் அதே காவலாளி எங்களுக்குக் கையசைத்து வழிவிட்டார். "இப்பப் பாரு, இப்பத்தான் நாம யோக்கியனுங்க" என்றான் நதீம்.

அந்தச் சதுரம் இருந்த பட்டையைக் கிடங்குத் தொட்டிக்குள் நானே எறிந்தேன். வீட்டுக்கு வந்து, போலீஸ் தூக்கிய பலகைகளைத் திருகாணி போட்டு முடுக்கிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் நான்கு. இனி அதைக் கழற்ற வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிட வேண்டும்.

புது கார்ப்பெட் பழைய நூல் மில்லில் இருக்கிற கடையில் கிடைத்தது, ரோலின் கடைசித் துண்டு. கடைக்காரம்மா பெயர் ஐரீன். முதலில் சிவப்பில் தங்கச் சுழிகள் போட்ட ஒன்றைக் காட்டினார். ஏதோ மதுக்கடை ஆர்டர் பண்ணிவிட்டு வாங்காமல் போனதாம். "இதுல என்ன கொட்டுனாலும் தெரியாது கண்ணு, வாந்தியே எடுத்தாலும் தெரியாது" என்றார். வேண்டாம், அம்மாவுக்கு, என்றேன். "அம்மா எங்க, கூட்டிட்டு வரலையா?" ஜெயிலில் இருக்கிறார் என்றேன். பொய் சொல்லி எனக்கு என்ன ஆகவேண்டும்? அவர் முகம் சுளிக்கவில்லை. "அப்ப கார்ப்பெட்ல மிச்சம் புடி, அடிமெத்தைல மிச்சம் புடிக்காத. அங்க இருந்து வர்றவங்க காலுக்கு மெத்துனு இருக்கணும்" என்று பதினோரு மில்லிமீட்டர் மெத்தையை இழுத்துப் போட்டார். கார்ப்பெட் மங்கிய பச்சை. கம்பளி கலந்தது. கையை வைத்தால் எடுக்க மனசு வரவில்லை.

அது இப்போது கீழே கூடத்தில் விரிந்து கிடக்கிறது. சுருள் விட்டுப் படிய ஒரு ராத்திரி ஆகுமாம். எனக்கு ஒரு மணி நேரம் போதாதா என்றிருக்கிறது. மீதி ஊசிகளைப் பிடுங்கப் போகிறேன். நாளை முடித்துவிட்டு மேலே எழுதுகிறேன்.

ஞாயிறு, மாலை

அம்மா, மேலே "என்ன பெரிய கார்ப்பெட்" என்று எழுதினேனே, அந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். கிடக்கட்டும்.

உன் அறையில் பழைய கணப்புச் சுவர் முன்னால் தள்ளி நிற்கிறதல்லவா? அதற்கும் பக்கச் சுவர்களுக்கும் நடுவே ஜன்னல் பக்கத்து இடைவெளி பெரிது, கதவுப் பக்கத்தது சிறிது. நாற்பது சென்டிமீட்டர் வித்தியாசம். நீ கவனித்திருக்க மாட்டாய். நான் அளந்து, கம்ப்யூட்டரில் படம் வரைந்து, ஆபீஸில் அச்செடுத்தும் வைத்திருந்தேன். இழைப் பக்கம் கோடு நிற்காது, முதுகில்தான் நிற்கும் என்று கார்ப்பெட்டைக் கவிழ்த்துப் போட்டு, படத்தைப் பார்த்து வரைந்தேன். ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை. நதீம், "ஒரு தடவ போய் மேல வெச்சுப் பாத்துடலாம் மாப்ள" என்றான். "படம் இருக்குடா, பார்க்க என்ன இருக்கு?" என்று வெட்டிவிட்டேன்.

மாடிக்குத் தூக்கிப்போய் நிமிர்த்தி விரித்தோம். எல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் மாறிக் கிடந்தது. கவிழ்த்து வரையும்போது படத்தையும் கவிழ்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கதவுப் பக்கம் கார்ப்பெட் சுவரில் முட்டி மேலே ஏறியது. ஜன்னல் பக்கம், கணப்புச் சுவரை ஒட்டி, இரண்டு சாண் அகலத்துக்கு வெறும் பலகை தெரிந்தது. சதுரமாக.

நதீம் விழுந்து விழுந்து சிரித்தான். "காலேஜ்ல அத்தன சொல்லிக் குடுத்தாங்க, வலது எது இடது எதுன்னு சொல்லித் தரலியாடா?" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். ஒரு சதுரத்தை எடுக்கத்தானே இத்தனை பாடு. இன்னொன்றை நானே என் கையால் வெட்டி வைத்திருக்கிறேன். வேறு துண்டு வாங்கக் காசு இல்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். கத்தியைத் தூக்கி எறிந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் உடையவில்லை.

நதீம்தான் ஐரீனுக்குப் போன் போட்டான். அவர் குரல் எனக்கே கேட்டது. "கவுத்து வெட்டிட்டானா? படிச்ச புள்ளையா? படிச்சவனுங்கதான் கவுத்து வெட்டுவானுங்க. வெட்டின துண்டத் தூக்கிப் போட்டுட்டீங்களா?" இல்லை, கீழே கிடக்கிறது. "அப்ப எதுக்கு ஒப்பாரி? இழை எந்தப் பக்கம் சாயுதோ அதே பக்கமா வெச்சு, அடியில டேப் குடுத்து, இஸ்திரிப் பெட்டியால சூடு காட்டு. டேப்புக்குக் காசு வேணாம், வந்து வாங்கிட்டுப் போ."

இழையைக் கையால் தடவித் திசை பார்த்து, விளிம்பைச் சீவி, துண்டைப் பொருத்தி, டேப் உருகும்வரை தேய்த்து, ஆறும்வரை என் கருவிப் பெட்டியை மேலே ஏற்றி வைத்தேன். உன் இஸ்திரிப் பெட்டி செத்துவிட்டது. வேறு வாங்கித் தருகிறேன். பிறகு சுவர் ஓரத்து ஆணிப்பட்டையில் கார்ப்பெட்டை இழுத்து மாட்டினோம். அதற்கென்று முழங்காலால் இடிக்கிற ஒரு கருவி இருக்கிறது. என் முழங்கால் இப்போது கத்தரிக்காய் நிறம்.

ஆனால் அம்மா, நீ பார்க்க வேண்டும்! சுவருக்குச் சுவர் பச்சை. வெயில் சாய்ந்து விழுந்தபோது நானும் நதீமும் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒட்டு தெரியுமா என்றால், மண்டியிட்டு ஜன்னல் பக்கமாகப் பார்த்தால் ஒரு கோடு தெரியும். அலமாரியை அங்கே வைத்தால் மறைந்துவிடும் என்றான் நதீம். வைக்கத்தான் போகிறேன், வேறு இடமில்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று உனக்குச் சொல்லிவிட்டேன். உனக்குத் தெரியாமல் இந்தத் தரையில் எதுவும் இல்லை.

இன்னொன்று. "உன் வாழ்க்கைல நான் எதுக்குடா குறுக்க?" என்று எழுதியிருந்தாய். எனக்கு இருபத்து நான்கு வயது. ராத்திரிச் சாப்பாடு டின்னில் வந்த பீன்ஸும் ரொட்டியும். டிவியோடு சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன். இதில் நீ எதற்குக் குறுக்கே வந்துவிடப் போகிறாய்?

முதுகைப் பார்த்துக்கொள். மாத்திரை கேட்டு வாங்கு, வெட்கப்படாதே. நல்ல தூக்கம் வரட்டும் உனக்கு.

உன் மகன்,
டெக்லன்

இனி நான் செய்யப்போவது:

1. இந்தக் கடிதத்தை நாளைக் காலை வேலைக்குப் போகும் வழியில் தபாலில் சேர்ப்பது. செவ்வாய் அல்லது புதன் உன் கைக்கு வரும். வெள்ளிக்கு முன்னால்.

2. அறைக்கதவைக் கழற்றி அடியில் இழைத்து மாட்டுவது. புது அடிமெத்தை உயரம் கூட, கதவு உரசுகிறது. இந்தத் தடவை எந்தப் பக்கம் அடி என்று கதவிலேயே எழுதிவிட்டேன்.

3. நதீமை வைத்து அலமாரியையும் கட்டிலையும் மேலே ஏற்றுவது. கட்டில் தலைமாடு ஜன்னல் பக்கமா, சுவர்ப் பக்கமா என்று நீ எழுது. எழுதாவிட்டால் ஜன்னல் பக்கம்.

4. நீ வெளியே வருகிற நாளுக்கு லீவு கேட்பது. நீ எந்த விலாசம் கொடுத்திருந்தாலும் வாசலில் வந்து நிற்பேன். பிளாக்பூலுக்குத்தான் போக வேண்டும் என்றால் நானே கொண்டுபோய் விடுவேன். வழியில் ஒரு வார்த்தை பேசமாட்டேன். பேசமாட்டேன் என்றா சொன்னேன், முயற்சி செய்வேன்.

5. அதுவரை அந்த அறையைப் பூட்டி வைப்பது. ராத்திரி நதீம் அங்கே படுக்கிறேன் என்றான், விடவில்லை. அதில் முதல் ஆளாக நீ செருப்பில்லாமல் நடக்க வேண்டும், அம்மா.