இரண்டு பேரும் பார்த்தால்தான் கணக்கு

அடேய் குருட்டுக் கோட்டானே,

(ஹேசல், முறைக்காமல் அப்படியே சத்தமாக வாசி. உன் புருஷனுக்கு என் வாய் பழகியதுதான்.)

இன்று காலை நம் குளங்களைத் தனியாகச் சுற்றினேன். பெரிய குளம் பாதி உறைந்து கிடந்தது. வாத்துகள் பனிக்கட்டியில் வழுக்கி விழ, நான் மட்டும் சிரித்தேன்.

அப்போதுதான் அது வெளியே வந்தது. இத்தனை குளிர்காலமாக நாம் தேடிய அந்தப் பழுப்புக் கொக்கு, நாணலை விட்டுப் பனிக்கட்டி மேல் நின்றது. நாயோடு வந்த பக்கத்து வீட்டு வினிஃப்ரெட், "என்னப்பா, கொக்கைப் பாத்துட்டா அழுவுறே?" என்றாள்.

"குளிருல மூக்கு ஒழுகுது, நீ நாயப் பாரு."

இரண்டு பேரும் பார்த்தால்தான் கணக்கு என்பது நம் பறவைப் பட்டியலின் சட்டம். உனக்குக் கண் போனால் என்ன, நீ அதன் குரலைக் கேட்டாலும் கணக்கு என்று மாற்றிக்கொள்ள நினைத்தேன். உன்னைப் போனில் கூப்பிடத் தயாராக, விரல் விறைக்கும்வரை நின்றேன். அந்தப் பாவி வாயே திறக்கவில்லை. குளிர்காலத்தில் அது கத்தாது என்று எனக்குச் சொன்னவனே நீதான். வசந்தத்தில்தான் கத்தும். அதற்குள் இங்கிருந்து போய்விடும்.

அதனால் கணக்கில்லை. நானும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்.

இப்படிக்கு,
பறவை பார்க்கும் குடிலில் உன் இடப்பக்கம் உட்காரும் வாத்து