இலைக்கு அடியில் வெள்ளை

14 மார்ச் 1961, செவ்வாய்

புக்கிட் பாஞ்சாங்கில் இன்று காலை பனி காயும் முன்பே விவசாய அதிகாரி என் தோட்டத்துக்கு வந்துவிட்டார். சோள இலைகளில் மஞ்சள் கோடுகள் விழுகின்றன என்று நான்தான் வரச்சொல்லியிருந்தேன். இலைக்கு அடியில் இருந்த வெள்ளையைப் பற்றி அவர் கேட்டதற்கு, புழுவுக்காக நான் தூவும் அடுப்புச் சாம்பல் என்றேன். அவர் ஓர் இலையைத் திருப்பிப் பிடித்தார்.

“மேலேருந்து தூவுற சாம்பல் எப்படிங்க அடியில போய் ஒட்டும்? இது பூஞ்சை நோய் லா. கோடு விழுந்த செடிய எல்லாம் பிடுங்கி இன்னிக்கே கொளுத்திடுங்க. காத்துல பக்கத்துத் தோட்டத்துக்கும் போயிடும்.”

இத்தனை நாளாக இது என் மண்டையில் ஏறவே இல்லை!

பிடுங்கிக் கொளுத்தினேன். பாதித் தோட்டம் போய்விட்டது. புகையைப் பார்த்துவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து லெட்சுமி அக்கா குரல் கொடுத்தார்.

“ஆபீசர் என்ன தம்பி சொன்னாரு?”

“ஒண்ணுமில்லக்கா. சும்மா குப்பை எரிக்கிறேன்.”

எதற்காக அப்படிச் சொன்னேன்? போன வாரம் தன் சோளத்திலும் அடியில் வெள்ளையாக இருக்கிறது, பிடுங்கிவிடட்டுமா என்று அக்கா என்னிடம்தான் கேட்டார். “என் சாம்பல்தான்கா காத்துல வந்திருக்கும். நீங்களும் தூவுங்க, புழு வராது” என்று பெரிய விவசாயி மாதிரி சொல்லி, ஒரு வாளி சாம்பலும் கொடுத்தனுப்பினேன். அவருக்கு இருப்பது அந்த நான்கு வரிசைச் சோளம்தான்.

விடிந்ததும் சொல்லிவிட வேண்டும். எனக்கு முன்பே அவர் எழுந்து வரப்பில் நிற்பார். கையில் அந்த வாளி இருக்கும்.