செண்பகத்தின் கண்கள்

பிரியமுள்ள தம்பி சுடலைமுத்து,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் படங்களைச் சேர்த்துச் சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறார்கள். உன்னைத் தெரிந்தவர்கள் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தருகிறார்கள். எனக்கு எழுத்து தெரியாது என்பதால் நான் சொல்லச் சொல்ல உன் மனைவி தங்கம் எழுதுகிறாள். மாடியில் உன் அறையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். நீ கடைசியாகக் கழுவி வைத்த பிரஷ்கள் அப்படியே நிற்கின்றன. விளாத்திகுளத்துக்காரர் ஒருவரின் படம் சட்டை வரைக்கும் முடிந்து, முகமில்லாமல் சுவரில் சாய்ந்திருக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்று போய்விட்டார்கள்.

இந்த வருஷம் மழை பிந்தினாலும் ஏமாற்றவில்லை. புதூர்ப் பக்கம் கரிசல் முழுக்க மக்காச்சோளம் நிற்கிறது. நான் இன்னும் எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்குப் போகிறேன். தரகு பேச இப்போது பிள்ளைகள் நிறைய வந்துவிட்டார்கள். ஆனாலும் பழைய ஆட்கள் என் துண்டுக்குள்தான் விரலைக் கொடுத்து விலை பேசுகிறார்கள்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லாமலே விட்டுவிட்டேன். அது நான் செய்த தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் படிக்கிறவர்களுக்கு விளங்க வேண்டுமே, அதனால் தொடக்கத்திலிருந்து வருகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நீ தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் மாசச் சம்பளத்துக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தாய். கிளி, தாமரை, குதிரை. ஐந்து வருஷம் ஒரே கிளியை வரைந்தேன் என்பாய். ஒரு நாள் கிளியின் தலையைத் திருப்பிப் போட்டாயாம். முதலாளி கேட்டாராம், “ஏலே, எவன் சொல்லி அது தலையைத் திருப்புன?” நீ சொன்னாயாம், “அதுக்கும் கழுத்து வலிக்கும்லா அண்ணாச்சி.” அடுத்த மாசம் நீ வெளியே வந்துவிட்டாய்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடிப்படிக்கு அடியில் இடம் பிடித்தாய். எழுந்து நின்றால் தலை இடிக்கும். சுவர் விளம்பரம், கடைப் பலகை, லாரிக்குப் பின்னால் மயில். பகல் முழுக்க வெயிலில் ஏணியில் நிற்பாய். தங்கம் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து கீழே நின்று கத்துவாள். சாப்பிடும்போது கையில் வண்ணம் இருக்கும். அவள் திட்டுவாள், “நாளைக்கு வயித்துக்குள்ள மயிலு ஆடும் பாருங்க.” இதை எழுதும்போது தங்கம் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அதையும் எழுதச் சொன்னேன்.

உனக்கு வழி திறந்தது கயத்தாற்றுக் கடைக்காரர் ஒருவரால். நான்தான் கூட்டிவந்தேன். அவர் அப்பா உயிரோடு இருந்தவரை ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு அதுதானே நிலைமை? செத்த பிறகு நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, தூக்குமுன் அவசரமாக ஒரு படம் எடுப்பார்கள். தாடையைச் சுற்றிக் கட்டிய துணி, நெற்றியில் காசு, மூடிய கண். அந்தப் போட்டோவை உன்னிடம் நீட்டி அவர் கேட்டார், “உசிரோட இருக்க மாதிரி போட்டுத் தரணும்.”

துணியை அவிழ்ப்பதும் காசை எடுப்பதும் உனக்குப் பெரிய வேலையில்லை. கண்ணை எப்படித் திறப்பது? மகனைக் கேட்டாய். அவர் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, “கண்ணு கண்ணு மாதிரிதான் இருந்துச்சு” என்றார். கூடவே இருந்தவர்களுக்கு அது சொல்ல வராது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். நான் சொன்னேன். அவர் அப்பாவிடம் எத்தனை ஆடு விலை பேசிப் பிடித்திருக்கிறேன். இடது இமை கொஞ்சம் இறங்கியிருக்கும். விலை படியவில்லையென்றால் அந்தக் கண் இன்னும் சுருங்கும்.

நீ போட்டோவில் பென்சிலால் கட்டம் போட்டாய், படம் வரையும் துணியில் பெரிய கட்டம் போட்டாய், ஒவ்வொரு கட்டமாக மனுஷனை மாற்றினாய். கண்ணைக் கடைசியில் வைத்தாய். படத்தைக் கொண்டுபோய் அவர் வீட்டில் நிமிர்த்தி வைத்ததும், நீட்டிய காலோடு உட்கார்ந்திருந்த, இறந்தவரின் சம்சாரம் சட்டென்று எழுந்து சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓரமாக நின்றாள். மகன், “யம்மா, படம்மா” என்றார். “இருக்கட்டும்ல” என்றாள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

அதற்குப் பிறகு புதூர், எட்டயபுரம், விளாத்திகுளம் என்று ஆட்கள் வந்தார்கள். சுவர் வேலையை விட்டாய். படிக்கு அடியிலிருந்து இந்த மாடிக்கு வந்தாய், வடக்கே ஜன்னல் இருக்கிறது என்பதற்காகவே. “ஆடி மாசம் எல்லாக் கடையிலயும் யாவாரம் படுத்துரும், நமக்கு அது கிடையாது அண்ணாச்சி” என்று சிரிப்பாய். காலையில் வந்ததும் யாராவது உயிரோடிருக்கும் ஒருவர் முகத்தை ஒரு தாளில் வரைந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாய். டீக்கடைக்காரர், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண்கள், நான். “எந்நேரமும் செத்தவங்க முகத்தையே பாத்தா கை விறைச்சிரும்” என்பாய்.

பழைய முதலாளியும் ஒரு நாள் இந்த மாடி ஏறி வந்தார், அவர் அப்பாவை ஆளுயரத்துக்கு வரையச் சொல்லி. நீ ஒன்றே ஒன்று கேட்டாய், “கீழ எம் பேரைப் போட்டுக்கிடுதேன்.”

“எங்க அப்பா படத்துல உம் பேரு எதுக்குப்பா?”

“அவிய பேரு மேல இருக்கட்டும் அண்ணாச்சி. எம் பேரு கீழ, அவிய செருப்புக்குப் பக்கத்துலதான்.”

அவர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து உன் பெயர் எல்லாப் படத்திலும் வந்தது. பிறகு உன் காலை நேரத்து முகங்களை மதுரையில் ஒரு மண்டபத்தில் மாட்டினார்கள். என்னையும் கூட்டிப்போனாய். என் படத்துக்கு முன் நின்ற ஓர் அம்மா உன்னிடம், “இவுக இறந்து எவ்வளவு நாளாச்சு?” என்று கேட்டாள். நான் பின்னாலிருந்து, “இன்னும் இங்கனதாம்மா நிக்கேன்” என்றேன். பஸ்ஸில் ஊர் வந்து சேரும் வரை நீ சிரித்தாய்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

என் மகள் பேச்சி உனக்குத் தெரிந்தவள்தான். உன் வீட்டுக்கு அடுத்த தெருவில் உன் கண்முன்னே வளர்ந்த பிள்ளை. பதினாறு வயசில் காய்ச்சலில் போனாள். நான் அப்போது ஆடு பிடிக்க வெளியூர் போயிருந்தேன். தகவல் என்னைத் தேடிப் பிடிக்க இரண்டு நாளானது. வந்தபோது மண்ணைத்தான் பார்த்தேன். கல்யாணம் ஆகாத பிள்ளைக்குப் படம் எதற்கு என்று யாரோ சொல்லி, போட்டோவும் எடுக்கவில்லை. நீ ஒரு முறை மெல்லக் கேட்டாய், “பிள்ளையை ஒரு படம் போடுவோமா அண்ணாச்சி?” வேண்டாம் என்றேன். கடைசி முகத்தைக்கூடப் பார்க்காதவனுக்குப் படம் என்ன என்று இருந்தது.

அடுத்த வருஷம் புதூர்ப் பக்கமிருந்து ராமலட்சுமி என்ற அம்மா வந்தாள். அவள் மகள் செண்பகம், கல்யாணமாகி மூன்றே மாசம், களையெடுக்கும்போது பாம்பு கடித்து இறந்தவள். கல்யாணத்துக்கும் போட்டோ எடுக்கவில்லையாம். வழக்கமான போட்டோதான், கண் மூடியது. “தெறந்து போட்டுத் தாங்கய்யா. தூங்குத மாதிரியே இருக்கு. எழுப்பத் தோணுது” என்றாள். கண் எப்படி இருக்கும் என்று கேட்டாய். அவளுக்கு அழுகைதான் வந்தது. நீ என்னைப் பார்த்தாய்.

நான் அந்தப் பிள்ளையைப் பார்த்ததே இல்லை, தம்பி. ஆனால் வாய் தானாகத் திறந்தது. “நான் பாத்திருக்கேன்” என்றேன். புருவம் இரண்டும் ஒன்றையொன்று தொடும் என்றேன். கண் சின்னது, சிரித்தால் காணாமல் போகும் என்றேன். வலது கண்ணுக்குக் கீழே ஒரு மடிப்பு உண்டு என்றேன். எல்லாம் பேச்சி. ராமலட்சுமி அழுகையோடு அழுகையாக, “ஆமாய்யா, ஆமாய்யா” என்று தலையாட்டினாள். நீ, “சொல்லுங்க அண்ணாச்சி, சொல்லுங்க” என்றாய். ஒரு மணி நேரம் சொன்னேன்.

படம் முடிந்த அன்று அவள் அதைக் கட்டிக்கொண்டாள். நான் தள்ளி நின்று பார்த்தேன். என் மகள் என்னைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு முறையாவது ஆடு பார்க்கிற சாக்கில் அந்த ஊருக்குப் போவேன். ராமலட்சுமி மோர் தருவாள். படத்துக்கு எதிரே உட்கார்ந்து குடிப்பேன். வருகிறவர்களிடமெல்லாம் அவள் என்னைக் காட்டி, “எம் பிள்ளை கண்ணைத் திருப்பிக் கொண்டாந்த அண்ணாச்சி இவியதான்” என்பாள். பெற்றவளிடமிருந்து பிள்ளையின் கண்ணை எடுத்துவிட்டு, என் பிள்ளையின் கண்ணைக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறேன். இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து, செண்பகத்தின் நிஜமான கண் அவளுக்கே மறந்திருக்குமே? சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் போவேன். சொன்னால் படத்தைக் கழற்றிவிடுவாள். பிறகு நான் பேச்சியை எங்கே பார்ப்பது? அதனால் சொல்லாமலே திரும்புவேன். உன்னிடமும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இந்த ஜன்னலடியில் உட்கார்ந்த அன்றைக்கு, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

போன மாசம் ராமலட்சுமி படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். சட்டத்தைக் கரையான் தின்றிருந்தது. நீ போன பிறகு நான் அந்த ஊருக்குப் போகவே இல்லை; நீ இருக்கிறாய் என்று நினைத்து வந்தவள், விஷயம் கேட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். சாப்பாடு முடிந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். உன்னிடம் பிந்திப்போன மாதிரி அவளிடமும் பிந்தக் கூடாது.

படத்தைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். என் சம்சாரம் பொன்னுத்தாய் சோற்றுச் சட்டியோடு வந்தவள், படத்தைப் பார்த்தாள். பேச்சியைப் பெற்றவள், கண்டுபிடித்துவிடுவாளே. அவள் படத்தையும் ராமலட்சுமியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், “யக்கா, பிள்ளை உங்களை அப்படியே உரிச்சு வச்சிருக்காளே. கண்ணு ரெண்டும் உங்க கண்ணுல்லா.”

“எல்லாரும் அதாம்மா சொல்லுவாவ. சின்னதுல இருந்தே அவ என் சாடைதான்” என்றாள் ராமலட்சுமி.

நான் பார்த்தேன். முதல் முறையாகப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அகலமான கண். கனத்த இமை. எதிரே சோறு தின்றுகொண்டிருந்த ராமலட்சுமிக்கும் அதே கண், அதே இமை. புருவம் தொடும் என்று சொன்னேனே, படத்தில் அது தொடவே இல்லை, தம்பி. நடுவே ஒரு விரல் இடம் இருக்கிறது. கண்ணுக்குக் கீழே மடிப்பும் இல்லை. இத்தனை வருஷம் நான் பார்த்த பேச்சி அந்தப் படத்தில் எங்குமே இல்லை.

அன்றைக்கு நீ என்ன செய்தாய் என்று இப்போது புரிகிறது. நான் சொல்லத் தொடங்கியதும் அந்த அம்மாவை ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னாய். அவளுக்கு டீ வரவழைத்தாய். என்னிடம் சொல்லுங்க சொல்லுங்க என்றாய், ஆனால் உன் பார்வை அவள் முகத்தில்தான் இருந்தது, என் பக்கம் திரும்பவே இல்லை. யாருடைய கண்ணைச் சொல்கிறேன் என்று முதல் வார்த்தையிலேயே உனக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை? நான் ஒரு தடவையாவது மகளைப் பற்றி வாய்விட்டுச் சொல்லட்டும் என்றா?

தங்கத்திடம் இப்போது கேட்டேன். எழுதுவதை நிறுத்திவிட்டு, “எங்கிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை அண்ணாச்சி” என்கிறாள்.

ராமலட்சுமியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அவள் மகள் அவளிடம்தான் இருக்கிறாள், நீ பத்திரமாகக் கொடுத்துவிட்டாய். கடைவீதியில் புதுச் சட்டம் போட்டு, நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். படம் மடியில் இருந்தது. பஸ் கிளம்பியபோது நான் செண்பகத்தைத்தான் பார்த்தேன். பாரம் இறங்கியது என்று நினைத்துத்தான் வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். இனி என் மகளைப் பார்க்க எந்த ஊருக்கும் பஸ் கிடையாது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், தம்பி. பேச்சி போன நாளிலிருந்து பொன்னுத்தாயும் நானும் அவள் பேச்சை எடுத்ததே இல்லை. கடைசி இரண்டு நாளும் பொன்னுத்தாய்தான் பிள்ளை பக்கத்தில் இருந்தாள். பிள்ளை என்ன சொன்னாள், யாரைத் தேடினாள் என்று நான் கேட்கவில்லை. என்னைத் தேடியிருப்பாளோ என்ற பயம். இந்தப் புத்தகம் அச்சாகி வருவதற்கு முன்னால் கேட்டுவிடுவேன். அவள் என்ன சொன்னாலும், எவ்வளவு நேரம் சொன்னாலும், குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருப்பேன்.

உன் கூடப் பிறக்காத அண்ணன்,
பரமசிவம்