எச்சில் ரேடியோ

அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் இருமல் விட்டதா?

எங்கள் படகோட்டி வாயில் எந்நேரமும் புகையிலைதான். கை ரேடியோவை உதட்டில் ஒட்டிக்கொண்டுதான் பேசுவான். மைக் ஓட்டையெல்லாம் எச்சில்; நினைத்தாலே குமட்டுகிறது.

நேற்று நடுக்கடலில் எஞ்சின் நின்றது. பயப்படாதே, சின்னக் கோளாறுதான். இவன் ரேடியோ பட்டனை அழுத்திய விரலை எடுக்காமலே, "ஒருத்தனும் பதில் சொல்ல மாட்டேங்குறானே!" என்று கத்துகிறான். பட்டனை விட்டால்தானே அடுத்தவன் குரல் கேட்கும்! ரேடியோவைப் பிடுங்கி, பட்டனை விட்டேன்.

"யோவ், எங்கய்யா நிக்குறீங்க? எத்தனை தடவ கேக்குறது?" என்றார் கரையில் ரேடியோ பார்ப்பவர்.

அந்த எச்சில்மேலேயே வாயை வைத்துப் பதில் சொன்னேன். சீ! இன்னும் சோறு இறங்கவில்லை.

இனிமேல் ரேடியோ என் பொறுப்பு. துடைக்க உன் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு. படகு கிளம்புகிறது, முடிக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்.

சேலையைத் துவைத்துவிடாதே. நீ உடுத்தியபடியே இருக்கட்டும்.