பின்பக்கமாக நடக்கும் சிங்கம்

ஜூன் 4

ஒட்டகத்துக்கு,

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். 'அன்புள்ள' என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. உன் காசுப் பட்டியல் மறுபதிப்பு வருகிறது என்று கேள்விப்பட்டேன். அந்தச் செப்புக் காசுகளில் இருக்கும் விலங்கு அதிலும் சிங்கம்தானாம்.

அது காளை. தேய்ந்த காசில் மேடான இடம்தான் முதலில் அழியும். முகம் போகும், திமில் போகும். கால்கள் ஒதுங்கிப் பிழைத்துக்கொள்ளும். ஆகவே முதலில் கால்களைப் பார்க்க வேண்டும். நீ முகத்தைத் தேடினாய். முதுகுக்கு மேல் ஒரு வளைவு தெரிந்ததும் தூக்கிய வால் என்றாய், வாலைத் தூக்கியிருப்பதால் சிங்கம் என்றாய். அந்த வளைவு தேய்ந்துபோன திமிலின் ஓரம்; அது இருக்கும் முன்பக்கத்தை நீ பின்பக்கம் ஆக்கிவிட்டாய். நாலு கால் பிராணிக்குப் பின்னங்கால் மூட்டு வால் பக்கமாகத் துருத்தி நிற்கும். உன் சிங்கத்துக்கு அது முகத்துக்குக் கீழே நிற்கிறது. பின்பக்கமாக நடக்கும் ஒரு மிருகத்தை அச்சேற்றி வைத்திருக்கிறாய்.

தப்பு யாருக்கும் வரும். ஆனால் கருத்தரங்கில் நான் எழுந்து இதைச் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "மன்னிக்கணும், நம்ம ஆள் பால் வாங்கப் போற வழியில உள்ள வந்துட்டார், பார்க்கிறதெல்லாம் மாடாத்தான் தெரியும்." மண்டபமே சிரித்தது. அருங்காட்சியகத்தின் காசு அறைப் பொறுப்பு உனக்குப் போனது. நான் கல்லூரியில் ஆண்டுகளை ஒப்பிக்க வைக்கும் வேலைக்கு வந்தேன். இன்றைக்கும் கடையில் பால் கேட்டால் எனக்குக் காது எரிகிறது.

காளை என்று திருத்து. சொன்னவன் பெயரையும் போடு. இல்லையென்றால் பதிப்புக் குழுவுக்கு நானே எழுதுவேன்.

இப்படிக்கு,
உன் பழைய அறைத்தோழன்


ஜூன் 11

அன்புள்ள முசுடு,

உறையைப் பார்த்ததுமே நீ என்று தெரிந்துவிட்டது. பசையைக்கூடக் கோபமாகத்தான் தடவுகிறாய்.

காளைதான்டா. நீ போன மறு வருஷமே தேயாத காசு ஒன்று வந்து சேர்ந்தது. திமில் குன்று மாதிரி நின்றது. யார் கண்ணிலும் படாமல் இழுப்பறையின் அடியில் வைத்துவிட்டேன். கோழை என்று திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கேள். குட்டியை ஞாபகம் இருக்கிறதா? நீ தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த என் மகள்தான். அவளுடைய ஆய்வேடே இந்தச் சிங்கக் காசுகள் பற்றித்தான். தலைப்பைச் சொன்ன அன்றே தடுத்திருக்கலாம். தடுத்தால் காரணம் கேட்பாளே என்று பேசாமல் இருந்துவிட்டேன். அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு. அதுவரைக்கும் பொறு. பிறகு உன் பெயரை முதல் பக்கத்திலேயே போடுகிறேன், நான் ஒரு மடையன் என்றும் சேர்த்துப் போடுகிறேன். உன் காலில் விழுகிறேன் என்றே வைத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாயாமே.

உன்,
ஒட்டகம்


ஜூன் 15

ஒட்டகத்துக்கு,

தெரிந்தே பொய்யைப் பெற்ற பெண் தலையில் கட்டிவிட்டு என்னிடம் இரக்கம் கேட்கிறாய். அந்தப் பொய்யின் மேல் வாங்கும் பட்டம் அவளுக்கு எதற்கு?

உன் கடிதம் வந்த அன்றே, நீ ஒளித்துவைத்த காசையும் சொல்லிக் குழுவுக்கு எழுதிவிட்டேன். பல்கலைக்கழகத்துக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. இனிமேல் நீ விழுவதற்கு என் கால் தேவைப்படாது.

உன் பழைய அறைத்தோழன்


ஜூலை 20

ஐயா,

பல்கலைக்கழகத்தில் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வீட்டுக்கு வந்து, "அப்பா, அந்த நல்ல காசு எங்க?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காசு அறையில் எடுத்துக் கொடுத்தேன். விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். "கால்களைப் பாருன்னு எனக்கு யாருமே ஏன் சொல்லலை?" என்றாள்.

ஆய்வேட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். திருத்தி எழுத வருஷக் கடைசிவரை தவணை கொடுத்திருக்கிறார்கள். இப்போது விடுதியில் தங்கியிருக்கிறாள். தினமும் காசு அறைக்கு வருகிறாள். காசுகள் அடுக்கிய தட்டு வேண்டுமென்றால் என்னை "சார்" என்று கூப்பிட்டுக் கேட்கிறாள்.

உங்களைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசினாள். "அந்த மாமாவுக்கு என்னைத் தெரியும்தானே? எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே."

மறுபதிப்பில் உங்கள் பெயர் வருகிறது. சந்தோஷமாக இருங்கள்.

காப்பாளர்,
காசு அறை


ஆகஸ்ட் 9

ஒட்டகம்,

'ஐயா' என்று எழுதிவிட்டால் எனக்கு வலிக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். வலித்தது. அதற்காக உன்னை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில்தான் இருக்கிறது.

பதிப்பகத்திலிருந்து மறுபதிப்பின் பார்வைப்படி வந்தது. என் பெயரைப் பிழையில்லாமல் போட்டிருந்தார்கள். யாரிடமாவது காட்டலாம் என்று எழுந்தேன். வீட்டில் யார் இருக்கிறார்கள்? மூடி வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன்.

போன் போட்டிருக்கலாமே என்று அவள் கேட்டது சரிதான். அவளுக்கும் ஒரு போன் இருக்கிறது என்பதே எனக்குத் தோன்றவில்லை. உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்துடன் உள்ள தாள்கள் அந்தச் செப்புக் காசுக் குவியல் முழுவதையும் பற்றி நான் எழுதிவைத்தவை. ஒவ்வொரு காசிலும் விலங்கு எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்தக் கால் மிஞ்சியிருக்கிறது, அதை வைத்து என்ன சொல்லலாம் என்று இருக்கும். எங்கும் அச்சுக்குக் கொடுத்ததில்லை. இது இருந்தால் அவளால் தவணைக்குள் எழுதிவிட முடியும். ஆனால் இதை அப்படியே நம்பக் கூடாது, ஒவ்வொன்றையும் அவளே விளக்கடியில் வைத்துப் பார்க்கட்டும். சிலவற்றில் காளையா குதிரையா என்று நானே தடுமாறியிருக்கிறேன். அங்கே அவள் சொல்வதுதான் முடிவு. இதை எழுதியவன் வந்து உரிமை கேட்க மாட்டான்.

நீ கையில் கொடுத்தால் வாங்க மாட்டாள். அவள் கேட்கும் தட்டுக்கு அடியில் வைத்துவிடு. என் பெயரைப் பார்த்தாலும் தொட மாட்டாள் என்பதால் தாள்களில் பெயரை வெட்டி எடுத்துவிட்டேன். இந்தக் கடிதமும் அவள் கண்ணில் பட்டாலும் படும். கீழே என்ன போடுவது என்று வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு மாமா என்று எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. உனக்கு நண்பன் என்று எழுத இன்னும் மனசு ஒப்பவில்லை. கையெழுத்துப் போடாமலேயே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.