அக்காவுக்குப் பதினெட்டு

1988 நவம்பர் 3, வியாழன்

இந்தக் கொப்பியில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். வெட்கமானதையும் எழுதுவேன். வாசிக்க ஒருவரும் இல்லை, ஆகவே பொய்யும் தேவையில்லை.

மழை. காற்று சைக்கிளைத் தள்ளியது. டேனிஷ் சோதனையில் இரண்டு பிழை மட்டும்.

தபாலில் கடை விளம்பரம். வேறொன்றும் இல்லை. அம்மாவையும் அக்காவையும் கூப்பிட விண்ணப்பம் கொடுத்துப் பத்தொன்பது மாதம். அவர்கள் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில், அப்பாவும் நானும் இங்கே டென்மார்க்கில். 14ஆம் திகதி அக்காவுக்குப் பதினெட்டு. அதன் பிறகு பிள்ளை என்ற கணக்கில் வர முடியாதாம். இன்னும் பதினொரு நாள்.

நவம்பர் 5, சனி

அப்பாவுடன் விமானத்தளத்துக்கு. வெளிநாட்டு அதிகாரிகளின் குடும்பங்கள் இருக்கும் வீடுகளை அவர் துப்புரவாக்குகிறார். சனிக்கிழமைகளில் நான் உதவி, மொழிபெயர்ப்பும். இன்று ஜில் வீடு. அவளுக்கும் பதின்மூன்று. தகப்பன் இங்கிலாந்து விமானப்படை.

ஜில் படிக்கட்டில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். போன கிழமை உத்தரவு வந்ததாம். 12ஆம் திகதி ஜெர்மனிக்கு. அவளுக்கு இது ஆறாவது பள்ளிக்கூடமாக இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிநேகிதி கிடைத்த உடனே பெட்டி வந்துவிடும் என்றாள். பாவம்தான். நீ கொடுத்துவைத்தவள், ஒரே இடத்தில் இருக்கிறாய் என்றும் சொன்னாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த பட்டியல்:
பியானோ: லொறி.
ஜில்: பள்ளிக்கூட இடம். சரி.
புது வீடு: திறப்புக் கொத்து. சரி.
நாய்: ஊசி, அனுமதிக் கடிதம். சரி.

நாய்க்குக் கடிதம் வந்துவிட்டது. அது ஓடி வந்தபோது தடவாமல் நின்றேன். நாயோடு கோபிப்பது அநியாயம். பிறகு தடவினேன்.

ஜில்லின் அம்மாவுக்குப் பெரிய பயம் அடுப்பைப் பற்றி. வீடு ஒப்படைக்கும் நாள் ஓர் அதிகாரி வந்து அடுப்பின் அவண் பெட்டிக்குள் விரல் விட்டு அழுக்குப் பார்ப்பாராம். அப்பா சொன்னார்: "பயப்பட வேண்டாம் எண்டு சொல்லு பிள்ளை. அவர் தலையை விட்டுப் பாத்தாலும் ஒண்டும் ஒட்டாது." சொன்னேன். ஜில்லின் அம்மா சிரித்தார். பிறகு உன் அம்மா எப்போது வருவார் என்று கேட்டார். தன் கணவரைக் கொண்டு, விண்ணப்பம் இருக்கும் கோப்பன்ஹேகன் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவிக்கட்டுமா என்றார். அப்பா வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

பஸ்ஸில் காரணம் கேட்டேன்.

"கடிதம் போனா ஃபைலைத் திறப்பாங்கள். திறந்தா அக்காவின்ர பிறந்த திகதியையும் கிண்டுவாங்கள்."

நவம்பர் 7, திங்கள்

திகதி விசயம். எழுத யோசித்தேன். எழுதுகிறேன்.

அக்கா மன்னாரில் வீட்டில் பிறந்தவள். பதிந்தது பிந்தி. பெரியப்பாவின் மகளோடு ஒரே வகுப்பில் சேரட்டும் என்று அப்பா ஒரு வயதைக் கூட்டிப் பதிந்துவிட்டார். ஊரில் பலரும் செய்ததுதான். அப்போது அது கெட்டித்தனம். உண்மையில் 14ஆம் திகதி அவளுக்குப் பதினேழு.

பள்ளி முடிந்து அகதிகளுக்கு உதவும் அலுவலகம். அங்கே எங்களுக்குப் பொறுப்பான பெண் பிர்கிற். கோப்பன்ஹேகனுக்கு ஃபோன் எடுத்தார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில். வசந்தத்திலும் இதே பதில். எஸ்பியர்க்கிலும் பிரெடெரிசியாவிலும் உள்ள தமிழருக்கும் இதேதானாம். ஓம் என்றும் வருவதில்லை, இல்லை என்றும் வருவதில்லை. ஏன் என்று பிர்கிற்றுக்கும் தெரியாது. மேசையில் பென்சிலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

நவம்பர் 9, புதன்

முதல் பனி, நிலத்தில் தங்கவில்லை. அக்கா ஃபோன். மூன்று நிமிடம்.

"ஸ்வெட்டர் வாங்கியாச்சடி. போட்டுப் பாத்தன், இந்த வெக்கையில அவிஞ்சு போனன்."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எனக்குப் பதினேழு எண்டு உனக்குத் தெரியும்தானே. நீதான் அவையளின்ர பாசை கதைக்கிறாய். சொல்லன்."

நவம்பர் 10, வியாழன்

அப்பாவுக்குத் தெரியாமல் பிர்கிற்றிடம் போனேன். சொன்னேன். உண்மையைச் சொன்னால் ஒரு வருடம் கிடைக்கும் என்று நினைத்தேன்.

பிர்கிற் எழுந்து கதவைச் சாத்தினார். ஒரு திகதி பிழை என்றால் கலியாணப் பத்திரம், என் பத்திரம், எல்லாவற்றையும் சந்தேகிப்பார்களாம். இதை நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை என்றார். எனக்கு ஒரு பிஸ்கற் தந்தார். பொக்கற்றில் வைத்தேன்.

நவம்பர் 12, சனி

ஜில் வீடு ஒப்படைப்பு. அதிகாரி கையில் அட்டை. கரண்டி எட்டு, முள்ளுக்கரண்டி எட்டு, திரைச்சீலை, கதவுத் திறப்பு மூன்று. அவணுக்குள் விரல் விட்டார். ஒன்றும் ஒட்டவில்லை. அப்பாவை ஒருவரும் பார்க்கவில்லை, ஆனால் அவர் நிமிர்ந்து நின்றார்.

காருக்குள் குடும்பம் முழுவதும், நாய் பின்னால். ஜில் கண்ணாடியில் கையை வைத்தாள். வீதி திரும்பும்வரை எடுக்கவில்லை. ஒரு வீட்டை இரண்டு கிழமையில் மூட முடிகிறது. எழுத வேறொன்றும் இல்லை.

நவம்பர் 14, திங்கள்

தபாலில் ஒன்றும் இல்லை.

பிர்கிற் விளக்கினார். அம்மாவின் விண்ணப்பம் அப்படியே இருக்கும், அக்காவினதைத் தனியாகப் பார்ப்பார்கள். தனியாகப் பார்த்தால் கிடைக்குமா என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், கிடைத்ததாக ஒருவரையும் தெரியாது என்றார்.

பின்னேரம் அப்பா கொழும்புக்கு எடுத்தார். நான் காதை ஒட்டி நின்றேன். அக்காவுக்கு வாழ்த்துச் சொல்ல வாய் வரவில்லை, எத்தனை வயது என்று சொல்லி வாழ்த்துவது. அம்மா ஃபோனை வாங்கினார்.

"குமர்ப்பிள்ளையை லொட்ஜில தனிய விட்டிட்டு நான் வரமாட்டன். என்ர பேரை வெட்டச் சொல்லுங்கோ."

அப்பா ஒரு சொல்லும் மறுக்கவில்லை. ஓம், ஓம் என்றார். வைத்த பிறகும் ரிசீவரில் கை.

சோறும் பருப்பும். அவர் சாப்பிடவில்லை. எட்டு மணிக்கே பாயை விரித்தார், விடிய வேலை.

"நாளைக்குப் பள்ளி முடிய பிர்கிற்றிட்டைப் போய்ச் சொல்லு பிள்ளை."

"என்னெண்டு?"

"அம்மா வரேல்லை எண்டு."

டேனிஷில் மூன்று சொல். மூன்றும் எனக்குத் தெரியும். இன்னும் எழுத இருந்தது, அப்பா லைற்றை நூர்த்துவிட்டார்.